டைம்ஸ் ஸ்குவேரில் அறை எடுக்குமுன்: சுங்கை சிப்புட்டிலிருந்து பிராட்வே நாடகம் பார்க்கப் போகிறவர்களுக்கு

மகனோ மகளோ அமெரிக்காவில் படித்து முடிக்க, பட்டமளிப்புக்குப் போகிற சாக்கில் நியூயார்க்கில் மூன்று இரவு தங்கி, பிராட்வேயில் ஒரு நாடகமும் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்புகிற குடும்பங்களுக்கான குறிப்பு இது. தாத்தா, பாட்டி, அம்மா, அப்பா, மூன்று பிள்ளைகள், கூட ஓர் அத்தை என்று சுங்கை சிப்புட்டில் கிளம்புகிற கூட்டம் எட்டுப் பேருக்குக் குறையாது என்ற கணக்கில் எழுதியிருக்கிறோம்.

கோலாலம்பூர் இம்பியில் இருக்கிற பெர்ஜாயா டைம்ஸ் ஸ்குவேரை மனதில் வைத்துக்கொண்டு படிக்காதீர்கள். அது பேரங்காடி. நியூயார்க்கில் டைம்ஸ் ஸ்குவேர் என்பது பிராட்வே என்ற சாலையும் 7வது அவென்யூவும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடம். அதைச் சுற்றித்தான் நாடக வட்டாரம். பிராட்வே அரங்குகள் என்று கணக்கில் வருபவை 41. லிங்கன் சென்டரில் இருக்கும் ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே 41வது தெருவுக்கும் 54வது தெருவுக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன.

அந்த வட்டாரத்தில் ஒரு பெரிய ஹோட்டலுக்குக் கொடுக்கிற பணம் மெத்தைக்கான பணம் அல்ல, இடத்துக்கான பணம். தைப்பூசத்தன்று பத்துமலை வாசலிலேயே அறை கிடைத்த மாதிரி. அந்த இடத்தின் பலன் இரண்டு வேளையில்தான் தெரியும். ஒன்று, மதிய ஆட்டம் நாலரை மணிக்கு முடிந்து ராத்திரி ஆட்டம் தொடங்கும் வரை தாத்தா பாட்டி அறைக்குப் போய்க் காலை நீட்டுகிற நேரம். இன்னொன்று, ராத்திரி பத்தரைக்கு எல்லா அரங்கும் ஒரே சமயத்தில் விட்டு, தெருவில் டாக்சி கிடைக்காமல் ஊரே நிற்கும்போது நீங்கள் ஐந்து நிமிடத்தில் நடந்து வந்து சேர்கிற நேரம். இந்த இரண்டும் உங்களுக்குத் தேவையில்லை, கூட வருவது எல்லாம் இளவட்டம் என்றால், குவீன்ஸ் பக்கம் லாங் ஐலண்ட் சிட்டியில் அறை எடுத்துக்கொண்டு 7ஆம் எண் ரயிலில் கால் மணி நேரத்தில் டைம்ஸ் ஸ்குவேர் வந்துவிடலாம். மிச்சமாகும் பணத்தில் இன்னொரு நாடகம் பார்க்கலாம்.

தேதியும் வரிசையும்

மலிவாக ஓர் அறை கண்ணில் பட்டதும் பணத்தைக் கட்டிவிட்டு, அப்புறம் நாடகம் தேடுவது பலரும் செய்கிற தப்பு. முதலில் எந்த நாடகம், எந்த அரங்கு, எந்தக் கிழமை என்று முடிவு செய்யுங்கள். சீட்டு இப்போதே வாங்க வேண்டாம், முடிவு மட்டும் போதும். அந்த அரங்குக்குப் பக்கத்தில், ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் அறையைப் பிடியுங்கள். பிறகு விசா. விசா கைக்கு வந்த பிறகே விமானச் சீட்டும் நாடகச் சீட்டும். நாடகச் சீட்டுக்குப் பொதுவாகப் பணம் திரும்பாது. எட்டுப் பேரில் ஒருவரின் விசா தாமதமானாலும் அத்தனை சீட்டும் தொங்கலில் நிற்கும்.

மலேசியக் கடப்பிதழுக்கு அமெரிக்காவில் விசா விலக்கு கிடையாது. டிஎஸ்-160 படிவத்தை இணையத்தில் நிரப்பி, ஆளுக்கு 185 டாலர் கட்டி, கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தூதரகத்தில் நேர்காணலுக்கு நாள் வாங்க வேண்டும். நாள் கிடைப்பது நம் கையில் இல்லை என்பதால் மாதக்கணக்கில் முன்கூட்டித் தொடங்குங்கள்.

ரத்து செய்யும் கெடுவில் ஒரு கண்ணி உண்டு. 'வருகைக்கு இரண்டு நாள் முன்பு மாலை 6 மணி வரை' என்று போட்டிருந்தால் அது நியூயார்க் நேரம். மார்ச் பாதியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை நாம் அவர்களைவிட 12 மணி நேரம் முன்னால், குளிர்காலத்தில் 13 மணி நேரம். ஆக அந்த மாலை 6 என்பது நமக்கு மறுநாள் காலை 6 அல்லது 7.

பெரும்பாலான நாடகங்கள் வாரத்துக்கு எட்டு ஆட்டம். திங்கட்கிழமை பல அரங்குகள் மூடியிருக்கும். மதிய ஆட்டம் வழக்கமாகப் புதன், சனி, ஞாயிறுகளில், 2 மணி வாக்கில். ராத்திரி ஆட்டம் 7 அல்லது 8 மணிக்கு. புதனோ சனியோ நீங்கள் தங்கும் நாட்களுக்குள் விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

வந்து இறங்கிய அன்று ராத்திரி நாடகம் வேண்டவே வேண்டாம். கோலாலம்பூரிலிருந்து நியூயார்க்குக்கு நேரடி விமானம் இல்லை. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையத்துக்குப் போகும் நேரடி விமானமே 18 மணி நேரத்துக்கு மேல் பறக்கிறது. கோடையில் அங்கே ராத்திரி 8 மணி என்றால் நம் உடம்புக்குக் காலை 8 மணி, அதுவும் ராத்திரி முழுக்கக் கண் விழித்த காலை 8 மணி. திரை விலகிய பத்தாவது நிமிடத்தில் எட்டுப் பேரும் தூங்கியிருப்பீர்கள்.

விலை குறைவது ஜனவரி பாதியிலும் பிப்ரவரியிலும். ஒரு சீட்டு விலையில் இரண்டு தரும் 'பிராட்வே வீக்' சலுகையும் அந்தப் பக்கமாகத்தான் வரும். ஆனால் அந்தக் குளிரைப் பாட்டிக்குக் கொடுக்காதீர்கள். ஐக்கிய நாடுகள் சபைக் கூட்டத்துக்காக ஊர் நிரம்பும் செப்டம்பர் பின்பாதியில் விலை ஏறும். டிசம்பர் 31ஐ அடியோடு தவிருங்கள். 1907 முதல் அங்கே புத்தாண்டு பிறக்கும் வேளையில் ஒளிரும் பந்து ஒன்றை மேலிருந்து இறக்குகிறார்கள், அதைப் பார்க்கக் கூட்டம் கூடும். போலீஸ் தெருக்களை அடைத்துவிடும், தன் ஹோட்டலுக்குத் திரும்பவே அத்தாட்சி காட்டி நுழைய வேண்டியிருக்கும்.

நிரை பார்த்து வழி பிடிப்பது

'டைம்ஸ் ஸ்குவேர்' என்ற பெயரை ஒட்டிக்கொண்ட ஹோட்டல்கள் அந்த ஊரில் ஏராளம், அதில் சில நல்ல தூரத்தில் இருக்கின்றன. பெயரை விடுங்கள், முகவரியைப் படியுங்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சுலபம், ஏனென்றால் மன்ஹாட்டன் பால்மரக்காடு மாதிரி நிரை போட்ட ஊர். கிழக்கு மேற்காக ஓடுவது தெரு, வடக்கே போகப் போக எண் கூடும். வடக்கு தெற்காக ஓடுவது அவென்யூ, மேற்கே போகப் போக எண் கூடும். இந்த நிரையை 1811இல் திட்டம் போட்டு இழுத்தார்கள். பிராட்வே அதற்கும் பழையது. கன்று நடுவதற்கு முன்பே இருந்த லாரிப் பாதை நிரைகளை மதிக்காமல் கோணலாகக் குறுக்கே போகுமே, அப்படித்தான் போகிறது. அது ஓர் அவென்யூவை வெட்டும் இடத்தில்தான் இந்த மாதிரி சதுக்கங்கள் உண்டாகின்றன.

முகவரியில் 'வெஸ்ட் 45வது தெரு' என்பதோடு வரும் கட்டட எண்ணைப் பாருங்கள். 100க்குக் கீழே என்றால் 5வது, 6வது அவென்யூக்களுக்கு நடுவில். 100களில் இருந்தால் 6, 7க்கு நடுவில். 200களில் 7, 8க்கு நடுவில். 300களில் 8, 9க்கு நடுவில். ஒற்றை எண் தெருவின் வடபுறம், இரட்டை எண் தென்புறம். இதே 45வது தெருவில் லைசியம் அரங்கு 149, மியூசிக் பாக்ஸ் 239, அல் ஹிர்ஷ்ஃபெல்டு 302. மூன்றும் 'வெஸ்ட் 45'தான், ஆனால் முதலாவதிலிருந்து மூன்றாவதற்கு நடக்க ஏழெட்டு நிமிடம் ஆகும்.

தூரம் கணக்கிடுவதில்தான் பெரியவர்களின் முழங்கால் மாட்டிக்கொள்கிறது. 'அரங்கிலிருந்து மூன்றே பிளாக்' என்று விளம்பரத்தில் இருக்கும். தெரு தாண்டுகிற பிளாக் ஒன்று ஏறக்குறைய 80 மீட்டர். அவென்யூ தாண்டுகிற பிளாக் அதைப்போல மூன்று மடங்கு. மூன்று பிளாக் என்பது 240 மீட்டராகவும் இருக்கலாம், 700, 800 மீட்டராகவும் இருக்கலாம். எனவே பார்க்கப்போகும் அரங்குக்கும் ஹோட்டலுக்கும் நடுவில் ஓர் அவென்யூவுக்கு மேல் தாண்ட வேண்டியிருந்தால் அந்த ஹோட்டலை விட்டுவிடுங்கள். தெரு ஆறு தாண்டினாலும் பரவாயில்லை.

டாக்சி விஷயம் ஒன்று. 42வது தெருவிலிருந்து 47வது தெரு வரை பிராட்வே 2009 முதல் நடைபாதை, வண்டி போகாது. ஹோட்டல் முகவரி பிராட்வே என்று இருந்தாலும் வண்டி அதன் முன்வாசலில் நிற்காது. ஓட்டுநரிடம் குறுக்குத் தெருவைச் சொல்லுங்கள்: '45வது தெரு, பிராட்வேக்கும் 8வது அவென்யூவுக்கும் நடுவில்' என்று. ஜேஎஃப்கே விமான நிலையத்திலிருந்து மஞ்சள் டாக்சிக்கு மன்ஹாட்டன் முழுக்க ஒரே கட்டணம், 70 டாலர். அதற்கு மேல் சுங்கமும் சிறு கட்டணங்களும் டிப்ஸும் சேரும். ஒரு வண்டியில் நான்கு பேர்தான், ஆகவே எட்டுப் பேருக்கு இரண்டு வண்டி. பெட்டிகள் பெரிதாக இருந்தால் மூன்று.

எட்டாவது மாடியில் வரவேற்பறை

வட்டாரத்தின் மிகப் பெரிய ஹோட்டலை எடுத்துக்கொண்டு பார்த்தால் மற்றவையும் புரிந்துவிடும். பிராட்வே 1535ஆம் எண்ணில், 45க்கும் 46க்கும் நடுவில் நிற்கிறது மேரியட் மார்க்கீஸ். 1,900க்கும் மேற்பட்ட அறைகள், 1985இல் திறந்தது, கட்டடக் கலைஞர் ஜான் போர்ட்மன். அந்த இடம் சும்மா கிடைத்ததல்ல. 1982இல் மொரோஸ்கோ, ஹெலன் ஹேய்ஸ், பிஜு, ஆஸ்டர், விக்டோரியா என்று ஐந்து பழைய அரங்குகளை இடித்துத்தான் இடம் பிடித்தார்கள். நடிகர்களும் நாடகக்காரர்களும் தெருவில் இறங்கிப் போராடியும் நிற்கவில்லை. இழந்ததற்கு ஈடுபோல ஹோட்டலுக்கு உள்ளேயே 1,600 இருக்கை கொண்ட மார்க்கீஸ் அரங்கு 1986இல் திறந்தது. அந்த இடிப்பில் விழித்துக்கொண்டுதான் 1980களின் பிற்பாதியில் நகரம் மற்ற பல அரங்குகளை இடிக்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது.

ஒரு பயணிக்கு இந்தப் பழங்கதை எதற்கு? உள்ளே போனதும் புரியும். அந்தக் காலத்து டைம்ஸ் ஸ்குவேர் ராத்திரி நடமாடப் பயப்படுகிற இடம். அதனால் கட்டடத்தைத் தெருவுக்கு முதுகு காட்டி, உள்பக்கமாக முகம் திருப்பிக் கட்டினார்கள். வரவேற்பறை தரைத்தளத்தில் இல்லை, 8வது மாடியில். வாசலில் இறங்கிப் பெட்டியோடு 'எங்கே கவுண்டர்' என்று சுற்ற வேண்டாம், நேராக மின்தூக்கிக்குப் போங்கள்.

அந்த மின்தூக்கிக்கு உள்ளே மாடி எண் பொத்தான் கிடையாது. வெளியே இருக்கிற பலகையில் போக வேண்டிய மாடியை அழுத்தினால் ஓர் எழுத்தைக் காட்டும், அந்த எழுத்துள்ள பெட்டிக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒருவர் ஒரு தடவை அழுத்தினால் இயந்திரம் ஒரே ஆள் என்று எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே ஆள் நிரம்பின பெட்டியை அனுப்பும். குடும்பம் இரண்டாகப் பிரிவது இங்கேதான். ஒவ்வொருவரும் அழுத்துங்கள், வெட்கப்பட வேண்டாம். அவசரத்தில் கண்ணில் பட்ட பெட்டிக்குள் ஏறிவிட்டால், அது போகிற இடத்துக்குப் போய்விட்டுத்தான் வர வேண்டும்.

எல்லோரும் வந்து கூடுகிற பெரட்டுக்களம் ஒன்றை முதல் நாளே குறித்துவிடுங்கள். 'கீழே நிற்கிறோம்' என்று சொல்லாதீர்கள். இந்த மாதிரி ஹோட்டலில் கீழே என்பது தெருவா, அரங்கு இருக்கும் மாடியா, வரவேற்பறையா என்று தெரியாமல் ஆளுக்கொரு மாடியில் நிற்பார்கள். '8வது மாடி, கவுண்டருக்கு எதிரே' என்று மாடி எண்ணோடு சொல்லுங்கள். கைப்பேசி இல்லாத தாத்தா பாட்டிக்கு ஹோட்டல் பெயர், அறை எண், உங்கள் எண் மூன்றையும் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். (அறைச் சாவி அட்டையில் அறை எண் இருக்காது.)

ராத்திரி ஆட்டத்துக்கு முன், ஆறரையிலிருந்து ஏழரை வரை மொத்த ஹோட்டலும் ஒரே சமயத்தில் இறங்கும். அறைக் கதவிலிருந்து தெரு வரை பதினைந்து நிமிடம் என்று கணக்குப் போடுங்கள். பக்கத்து அரங்குதானே என்று 7.45க்கு அறையை விட்டால் 8 மணி ஆட்டத்துக்குத் தாமதம். தாமதமாக வந்தவர்களைக் கதைக்கு நடுவில் தோதான இடம் வரும்வரை பின்னால் நிறுத்திவைப்பார்கள்.

அறை கேட்கும்போது மூன்று விஷயம் சொல்லுங்கள். உயரமான மாடி. பிராட்வே பக்கம் பார்க்காத அறை. எட்டுப் பேருக்கு இரண்டு அறை என்றால், நடுவில் உள்கதவு உள்ள அறைகள். 'கனெக்டிங்' என்ற சொல்லையே பயன்படுத்துங்கள், 'அட்ஜாய்னிங்' என்று சொன்னால் பக்கத்துப் பக்கத்து அறை மட்டும்தான் கிடைக்கும். பிராட்வே பக்கம் ஏன் வேண்டாம் என்றால், அங்கே புதுக் கட்டடங்களுக்கு ஒளிரும் விளம்பரப் பலகை இருந்தே ஆக வேண்டும் என்று 1987இல் நகரம் விதி போட்டது. திரைச்சீலையின் ஓரத்தில் அரை அங்குலம் இடைவெளி இருந்தாலும் ராத்திரி மூன்று மணிக்குச் சுவரில் பச்சையும் சிவப்பும் மாறி மாறி ஓடும். ஜன்னல் காட்சிக்கென்று கூடுதல் பணம் கேட்டால், வெறும் படம் எடுக்க மட்டும் அந்தப் பணத்தைக் கொடுக்கிறோமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். தெருவில் இறங்கினால் அதே காட்சி இலவசம்.

1920களிலும் 30களிலும் கட்டிய ஹோட்டல்களும் இந்த வட்டாரத்தில் உண்டு. 47வது தெருவில் உள்ள எடிசன் 1931இல் திறந்தது. இவற்றில் வரவேற்பறை தெருமட்டத்திலேயே இருக்கும், பெரியவர்களுக்கு அது நிம்மதி. ஆனால் பழைய கட்டடங்களின் அறைகள் சிறியவை. இரண்டு பெரிய பெட்டியைத் திறந்து வைத்தால் நடக்க வழி இருக்காது. எந்த ஹோட்டலானாலும் ஓர் அறையில் நான்கு பேர் என்பதுதான் வழக்கமான உச்ச வரம்பு. பாய் விரித்து ஆறு பேர் படுக்கலாம் என்ற கணக்கு அங்கே செல்லாது, தீயணைப்பு விதியைக் காட்டுவார்கள்.

பில்லில் என்னென்ன ஏறும்

இணையத்தில் பார்த்த விலையை மூன்றால் பெருக்கிப் பணம் எடுத்துப் போகிறவர்கள் கடைசி நாள் திணறுவார்கள். ஓர் உதாரணம் போடுவோம். அறை ஓர் இரவுக்கு 300 டாலர். அதன்மேல் 'டெஸ்டினேஷன் ஃபீ' என்று ஒரு கட்டாயக் கட்டணம், 40 டாலர் என்று வையுங்கள். 2025 மே மாதம் முதல் இந்த மாதிரிக் கட்டாயக் கட்டணங்களை விளம்பர விலையிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும் என்பது அமெரிக்க விதி, ஆனால் வரியைத் தனியாகக் காட்டலாம். 340 டாலருக்கு விற்பனை வரி 8.875 விழுக்காடும் நகர ஹோட்டல் வரி 5.875 விழுக்காடும், ஆக 14.75 விழுக்காடு, 50.15 டாலர். இதற்கு மேல் ஓர் இரவுக்கு 3.50 டாலர் தனி. மொத்தம் 393.65. மூன்று இரவுக்கு 1,180.95. அறை இரண்டு என்றால் 2,361.90. முதலில் மனதில் இருந்த எண் 1,800தானே?

அந்த டெஸ்டினேஷன் கட்டணத்துக்குப் பதிலாக உணவகத்தில் கழித்துக்கொள்ளும் தொகை ஏதாவது சில ஹோட்டல்கள் தரும். நாளுக்கு நாள் காலாவதியாகும் தொகை அது. கவுண்டரில் கேட்டு, அன்றன்றே காலைக் காப்பிக்குத் தீர்த்துவிடுங்கள்.

சாவி வாங்கும்போது அட்டையில் ஒரு முன்பணத்தைப் பிடித்துவைப்பார்கள். கடன் அட்டை என்றால் வரம்பு மட்டும் குறையும். டெபிட் அட்டை என்றால் உங்கள் சொந்தப் பணமே முடங்கும், ஊர் திரும்பிய பிறகும் சில நாள் கழித்துத்தான் விடுபடும். புறப்படுமுன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடுங்கள். நம் ஊர் அட்டைகளில் அது பூட்டியே இருக்கும். மூடியிருந்தால் கவுண்டரில் அட்டை செல்லாது, அந்த நேரம் மலேசியாவில் நள்ளிரவாக இருக்கும்.

டிப்ஸ் நமக்குப் பழக்கமில்லை, அங்கே அது கூலியின் பாகம். பெட்டி தூக்குகிறவருக்குப் பெட்டிக்கு 2 டாலர், அறை துப்புரவுக்கு நாளுக்கு 3 முதல் 5 டாலர், உணவகத்தில் 18 முதல் 20 விழுக்காடு. ஒரு டாலர் நோட்டாக நாற்பது ஐம்பது வைத்துக்கொள்ளுங்கள்.

இருக்கை எண் குழப்பம்

சீட்டை நாடகத்தின் சொந்த இணையதளம் வழியாக வாங்குங்கள். தேடுபொறியில் முதலில் வருவது பல சமயம் மறுவிற்பனைக்காரர்கள், விலையை ஏற்றித்தான் கொடுப்பார்கள். இணையத்தில் ஒவ்வொரு சீட்டுக்கும் சேவைக் கட்டணம் ஏறும். அரங்கு வாசலில் உள்ள சீட்டுக் கவுண்டரில் நேரில் வாங்கினால் அது இல்லை. ஹோட்டல் பக்கத்திலேயே இருப்பதால் இரண்டாவது நாடகத்துக்கு இப்படிச் செய்யலாம். 47வது தெருவில் சிவப்புப் படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற டிகேடிஎஸ் சாவடியில் அன்றைய ஆட்டங்களுக்கு 20 முதல் 50 விழுக்காடு வரை கழிவு கிடைக்கும். எட்டு இருக்கை ஒன்றாகக் கிடைப்பது அபூர்வம். இரண்டிரண்டாகப் பிரித்து உட்காரத் தயாரென்றால் மட்டும் அந்த வரிசையில் நில்லுங்கள்.

அமெரிக்க அரங்குகளில் எண் போடுகிற முறை நம் திரையரங்கு மாதிரி இல்லை. மேடையைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் ஒற்றை எண்கள், வலப்பக்கம் இரட்டை எண்கள், நடுப்பகுதிக்கு 101 முதல் வரிசையாக. ஆகவே 2, 4, 6, 8 என்று சீட்டு வந்தால் பிரித்துப் போட்டுவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம், நால்வரும் பக்கத்துப் பக்கத்தில்தான். 1ம் 2ம் கேட்டால்தான் வினை. ஒருவர் நடுப்பகுதிக்கு இந்தப் பக்கம், இன்னொருவர் அந்தப் பக்கம்.

பெரியவர்களுக்குக் கீழ்த்தளம், அதாவது 'ஆர்கெஸ்ட்ரா'. மேல்தளமான 'மெஸனைன்' மலிவு, காட்சியும் சில சமயம் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். ஆனால் இவை நூறு வயதை எட்டிய கட்டடங்கள். மேல்தளத்துக்கு மின்தூக்கி இல்லாதவை பல, படிகள் செங்குத்து, முன் இருக்கையில் முழங்கால் முட்டும். இடைவேளை பதினைந்து நிமிடம், பெண்கள் கழிப்பறை வரிசை அதைவிட நீளம். ஹோட்டலிலேயே போய்விட்டுக் கிளம்புங்கள். நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பல அரங்குகள் உள்ளே விடாது. பெரிய பையையும் விடாது, அதனால் விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு நேரே நாடகத்துக்குப் போகும் திட்டம் வேண்டாம்.

பாட்டிக்கு ஆங்கிலம் வராது என்றால் வசனம் மிகுந்த நாடகத்துக்குப் போகாமல் ஆட்டமும் பாட்டும் காட்சியமைப்பும் மிகுந்த இசை நாடகமாகத் தேர்ந்தெடுத்து, கதையை முதல் நாளே சொல்லிவிடுங்கள். தோட்டத்துக் கூத்துக்கொட்டகையில் விடிய விடிய உட்கார்ந்து பார்த்த தலைமுறைக்கு, கதை தெரிந்திருந்தால் மொழி பெரிய தடையில்லை.

அறைக்குள் தவறிப்போவது

முதலில் குளியலறை. நம் வீட்டில் குளியலறைத் தரையிலேயே தண்ணீர் போகத் துவாரம் இருக்கும். அங்கே இல்லை. தொட்டிக்குள் நின்று குளிக்கும்போது திரையின் கீழ் ஓரம் தொட்டிக்கு உள்ளே தொங்க வேண்டும். வெளியே விட்டால் பத்தே நிமிடத்தில் தரை குளமாகி, வெளியே கம்பளம் வரை நனைந்து, சில சமயம் கீழ் அறைக்கூரையில் சொட்டும். பில் உங்களுக்கு வரும். கழிப்பறையில் தண்ணீர்க் குழாயும் இருக்காது. பெட்டியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் குவளையை மறக்காமல் வையுங்கள், அங்கே போய்த் தேடினால் கிடைக்காது.

அடுத்தது அரிசிக் குக்கர். கொண்டுபோகவே வேண்டாம். அறையில் சமைக்க ஹோட்டல் விடாது என்பது ஒருபுறம் இருக்க, அங்கே மின்சாரம் 120 வோல்ட், நம்முடையது 240. வோல்ட் பாதியானால் மின்னோட்டமும் பாதியாகும், ஆகவே சூடு கால் பங்குதான் கிடைக்கும். 400 வாட் குக்கர் அங்கே 100 வாட். அரிசி வேகாது, வெந்நீரில் ஊறிக் கஞ்சிப் பசையாகும். கைப்பேசி மின்னேற்றியில் '100-240' என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை, இரண்டு தட்டைக் கால் உள்ள பிளக் மாற்றி மட்டும் போதும். அறையில் கெட்டில் இருக்காது, காப்பி இயந்திரம் இருக்கும். துப்புரவுப் பிரிவுக்குத் தொலைபேசி செய்து கெட்டில் கேட்டால் பல ஹோட்டல்கள் தரும். மேகியும் மைலோவும் அதில் ஒப்பேறும்.

கொண்டுபோகும் சாமானில் பச்சைக் கறிவேப்பிலை இருக்கக் கூடாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும் என்பதால் அமெரிக்காவில் தடை. இறைச்சி கலந்ததும் வேண்டாம். மசாலாத்தூள், ஊறுகாய், நெத்திலிச் சம்பல் எதுவானாலும் அங்கே இறங்கியதும் சுங்கச் சோதனையில் 'உணவு இருக்கிறது' என்று அறிவித்துவிடுங்கள். அறிவித்த பொருளைப் பிடுங்கிக்கொண்டால் பொருள் மட்டும்தான் போகும், மறைத்துப் பிடிபட்டால் அபராதம்.

வெள்ளிக்கிழமையானாலும் அறையில் ஊதுபத்தி, சூடம் ஏற்றாதீர்கள். புகைமணி அடிக்கும். அடிக்காவிட்டாலும் வாடை பிடித்தால் புகைபிடித்ததாகக் கணக்கு வைத்துச் சில நூறு டாலர் அட்டையில் ஏற்றுவார்கள். சாமி கும்பிட வேண்டும் என்றால் வழி இருக்கிறது. டைம்ஸ் ஸ்குவேரிலிருந்து 7ஆம் எண் ரயிலில் மாறாமல் கடைசி நிறுத்தமான ஃபிளஷிங் மெயின் ஸ்ட்ரீட் வரை போனால், அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் போன் (Bowne) தெருவில் மகா வல்லப கணபதி கோயில். 1977இல் குடமுழுக்குக் கண்டது. அடித்தளத்து உணவுக்கூடத்தில் தோசையும் தயிர்சாதமும் கிடைக்கும். மூன்று நாள் ரொட்டி தின்ற தாத்தாவுக்கு நாடகத்தைவிட இது பிடித்துப்போனால் ஆச்சரியமில்லை.

சாப்பாட்டில் இன்னொன்று. தெருமுனை ஹலால் வண்டிகளில் கோழிச்சோறு மலிவு, வயிறும் நிறையும். பக்கத்தில் 'கைரோ' என்று இருப்பதில் பெரும்பாலும் மாட்டிறைச்சி கலந்திருக்கும், சாப்பிடாதவர்கள் கோழி என்று தெளிவாகச் சொல்லி வாங்குங்கள். உணவகத்தில் உட்காருவதானால் 46வது தெருவில் 8, 9 அவென்யூக்களுக்கு நடுவிலும் 9வது அவென்யூவிலும் நிறைய உண்டு. ஐந்தே கால் மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள். ஆறு மணிக்குப் போனால் நாடகத்துக்குப் போகும் கூட்டம் மேசையைப் பிடித்திருக்கும்.

கிளம்பும் நாள் 11 அல்லது 12 மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும், விமானமோ ராத்திரி. முதல் நாள் ராத்திரியே பில்லை வாங்கி வரிவரியாகப் பாருங்கள். குளிர்பெட்டியில் உள்ளதை நகர்த்தினாலே கணக்கு ஏறுகிற வகை சில ஹோட்டல்களில் உண்டு, பிள்ளைகள் தண்ணீர் பாட்டில் வைக்க இடம் பண்ணினதற்குக்கூடப் பணம் விழுந்திருக்கலாம். அப்போதே சொன்னால் கழித்துவிடுவார்கள். பெட்டிகளைப் பெல் கவுண்டரில் விட்டு ரசீது வாங்கிக்கொண்டு கடைசி மதிய ஆட்டம் பார்க்கப் போகலாம். பெட்டிக்கு ஒரு ரசீது, மொத்தம் பத்துப் பன்னிரண்டு துண்டுச் சீட்டு. அதையெல்லாம் பிள்ளைகளிடம் கொடுக்காமல் அத்தையின் கைப்பையில் போட்டுவிடுங்கள்.